நைட் டியூட்டி முடிந்து ஆங்கிலம் படிக்கும் சிஸ்டர்களுக்கு

அன்புள்ள சிஸ்டர்களே, பிரதர்களே,

வார்டில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரியே நானும் கூப்பிடுகிறேன். நாகர்கோவில், மதுரை, கோயம்புத்தூர், வேலூர், சென்னை என்று எந்த ஊரின் தனியார் மருத்துவமனை விடுதியை எடுத்தாலும் உங்களில் சிலர் ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுகளுக்கான வகுப்பில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறீர்கள். சேர்ந்தவரிடம் ‘எப்படிப் போகுது?’ என்று விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் அதைவிட அதிகம். நான் ஆங்கிலம் கற்பிப்பவள். செவிலியர்கள் தேர்வுக்காக எழுதும் கடிதங்களைத் திருத்துவது கொஞ்ச காலமாக என் வேலைகளில் ஒன்று. அந்தப் பழக்கத்தில்தான் இந்த மடல்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் வகுப்புக்குக் காசு கட்டுவதென்றால், உங்கள் எழுத்தைப் படித்து, உங்கள் பேச்சைக் கேட்டு, எங்கே தவறு என்று காட்டித் தருகிற ஓர் ஆளுக்காகக் கட்டுங்கள். வீடியோவுக்காகவும் பிடிஎஃப்களுக்காகவும் ‘ஆயிரம் மாதிரி வினாத்தாள்’ மூட்டைக்காகவும் கட்டாதீர்கள். அவற்றில் உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவது இலவசமாகக் கிடைக்கிறது. விளம்பரங்களோ நேர்மாறாக இருக்கின்றன. எத்தனை மணி நேர வீடியோ, எத்தனை மாடல் டெஸ்ட், எத்தனை வருட ‘ஆக்சஸ்’ என்றெல்லாம் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஒரு மாணவிக்கு வாரம் எத்தனை கடிதம் திருத்தித் தரப்படும் என்ற கணக்கை மட்டும் எங்கேயும் காணோம்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: எந்த நாடு? கேட்கவே வேண்டாத கேள்வி போலத் தெரியும். ஆனால் தோழி சேர்ந்தாள் என்று தானும் சேர்ந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ‘நான் ஜெர்மனிக்குப் போகலாம்னு இருக்கேன் மேடம்’ என்பவர்கள் உண்டு. ஜெர்மனிக்கு வேண்டியது ஜெர்மன் மொழி. அங்கே முழுச் செவிலியராகப் பதிவு பெற, பொதுவாக அந்த மொழியில் பி2 நிலை வரை போக வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போக உரிமத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும்தான் பெரிய வேலை, ஐஇஎல்டிஎஸ் கேட்பது அபூர்வம். அமெரிக்கா என்றால் என்கிளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்களுக்குத்தான் இந்த இரண்டு ஆங்கிலத் தேர்வுகளும் நேரடியாக எதிரில் நிற்கின்றன.

உங்களில் அதிகம் பேர் கேட்பது பிரிட்டனைப் பற்றி. அங்கே பதிவு தருவது நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வேண்டும் என்கிறது கவுன்சில். ஓஇடி என்றால் அந்த மூன்றிலும் பி கிரேடு, அதாவது 500க்கு 350. எழுதுதலில் மட்டும் சி பிளஸ், 300. ஒரே தடவையில் எல்லாம் கைகூடாவிட்டால் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டவும் வழி வைத்திருக்கிறார்கள், அதற்கென்று தனிக் குறைந்தபட்ச மதிப்பெண்களோடு. இந்த விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே படித்துக்கொள்ளுங்கள். அது எளிய ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அதைப் படிப்பதே ஒரு பயிற்சி. ஏஜென்ட் சொன்னார், அக்கா சொன்னாள் என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டில் எதை எழுதுவது? ஐஇஎல்டிஎஸ் எல்லோருக்குமான தேர்வு. வாசித்தல் தாளில் பவளப்பாறையும் வரலாம், பழைய ரோமாபுரியும் வரலாம். ஓஇடியின் கதை வேறு. வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவப் பணியாளர்களுக்கென்றே 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் அதை வடிவமைத்தார்கள், அந்தப் பணியைச் செய்தவர் டிம் மெக்நமாரா என்ற மொழியியலாளர். நர்சிங், மருத்துவம், பிசியோதெரபி என்று பன்னிரண்டு தொழில்களுக்குத் தனித்தனியாக நடக்கிறது. கட்டணம்தான் உறுத்தும்: ஐஇஎல்டிஎஸ்ஸுக்குக் கட்டுவதைப் போல இரண்டு மடங்கை நெருங்குகிறது, ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம் என்பவர்கள் உங்களில் நிறையப் பேர். அப்படியிருந்தும் வார்டில் வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்கு ஓஇடிதான் என் சிபாரிசு. படித்தது தேர்வோடு போகாது, போகிற இடத்திலும் கைகொடுக்கும்.

இப்போது உங்கள் ஆங்கிலத்துக்கு வருகிறேன்.

‘எனக்கு இங்கிலீஷே வராது மேடம்’ என்று ஆரம்பிக்கிறீர்கள். வராதவர் எப்படி கேஸ் ஷீட் எழுதுகிறீர்கள்? எப்படி ஹேண்ட்ஓவர் கொடுக்கிறீர்கள்? சாச்சுரேஷன், அவுட்புட், டிஸ்டென்ஷன், டிரெஸ்ஸிங், டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒரு நாளைக்கு நீங்கள் புழங்குகிற ஆங்கிலச் சொற்களை எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர்கள் கேட்டால் மிரண்டுபோவார்கள். உங்களிடம் இருப்பது மருத்துவரோடும் சக செவிலியரோடும் பேசுகிற ஆங்கிலம். இல்லாதது நோயாளியோடு பேசுகிற ஆங்கிலம். அது இருக்க நியாயமும் இல்லை, ஏனென்றால் நோயாளியோடு நீங்கள் தமிழில் பேசுகிறீர்கள்.

அந்தத் தமிழை ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். ‘தல கிறுகிறுங்குது’, ‘வயிறு பொருமிக்கிட்டே இருக்கு’, ‘ஒண்ணுக்குப் போனா எரியுது’, ‘நெஞ்சக் கரிக்குது’, ‘மேலுக்குச் சுகமில்ல’. இதில் எதுவும் உங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டு கேஸ் ஷீட்டில் மருத்துவச் சொல்லாக எழுதிவிடுகிறீர்கள். மருத்துவர் சொல்வதை மறுபடியும் இந்த மொழிக்கு இறக்கி, பாட்டிக்குப் புரியும்படி சொல்லவும் உங்களுக்குத் தெரியும். பிரிட்டனில் ஒரு பாட்டியும் மருத்துவ மொழியில் பேசப்போவதில்லை. தலை சுற்றிக் கண் இருட்டியதை ‘ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன்’ என்பார். மலச்சிக்கலுக்கு ‘பங்ட் அப்’. சாப்பாடு பிடிக்கவில்லை என்பதற்கு ‘ஐ ஹேவ் கான் ஆஃப் மை ஃபுட்’. சிறுநீர்ப் பிரச்சினையைக் கூச்சத்தோடு ‘வாட்டர்வொர்க்ஸ்’ என்பார். நீங்கள் இங்கே தினமும் செய்கிற அதே வேலையை அங்கே ஆங்கிலத்துக்குள்ளேயே செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெரும்பாலான ஆன்லைன் வகுப்புகள் உங்களுக்கு மறுபடியும் மருத்துவச் சொற்பட்டியலைத்தான் தருகின்றன. அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது!

இந்தச் சாதாரண ஆங்கிலம் எங்கே கிடைக்கும்? பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையான என்எச்எஸ்ஸின் இணையதளத்தில். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பக்கம், பொதுமக்களுக்காக எழுதியது, முற்றிலும் இலவசம். அவர்களுடைய எழுத்து நடைக் கையேடே மருத்துவ வார்த்தைகளைத் தவிர்க்கச் சொல்கிறது: சிறுநீருக்கு ‘பீ’, மலத்துக்கு ‘பூ’ என்றே எழுதுகிறார்கள். (நம் காதுக்கு முதலாவது மலமாகவும் இரண்டாவது மலராகவும் கேட்கும். விடுதியில் சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.) அன்று வார்டில் எந்த நோயாளியைப் பார்த்தீர்களோ அந்த நோயின் பக்கத்தை அன்றே வாசியுங்கள். பித்தப்பைக் கல், சர்க்கரைப் புண், நிமோனியா என்று உங்கள் வேலையே பாடத்திட்டம் போட்டுக் கொடுக்கும். ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகாது. படித்ததும் திரையைப் பார்க்காமல், எதிரில் ஒரு நோயாளி இருப்பதாக வைத்துக்கொண்டு, அதை இரண்டு நிமிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் கணக்கில் சேராது.

பேச்சுத் தேர்வு அதைத்தான் சோதிக்கிறது. ஓஇடியில் பேசும் பகுதி சுமார் 20 நிமிடம். இரண்டு காட்சிகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். அதற்கு முன் அட்டையைப் படித்துத் தயாராக மூன்று நிமிடம். நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார். மதிப்பிட ஒன்பது அளவுகோல்கள். அதில் நான்குதான் உச்சரிப்பு, சரளம், இலக்கணம், பேசும் தொனி போன்ற மொழி விஷயங்கள். மற்ற ஐந்தும் 2018இல் சேர்க்கப்பட்டவை: நோயாளியோடு உறவை ஏற்படுத்துகிறீர்களா, அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்கிறீர்களா, பேச்சை ஒழுங்காக நகர்த்துகிறீர்களா, கேட்க வேண்டியதைக் கேட்கிறீர்களா, சொல்ல வேண்டியதைப் புரியும்படி சொல்கிறீர்களா.

இங்கே நம் சிஸ்டர்கள் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு, அது இலக்கணத்தில் இல்லை. ‘நாளைக்கு ஆபரேஷன், பயமா இருக்கு’ என்று நோயாளி சொல்கிறார். நம் வார்டில் என்ன சொல்வோம்? ‘ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க, டாக்டர் பாத்துப்பார்.’ அன்பான வார்த்தைதான், நம் ஊர் நோயாளிக்கு அது ஆறுதலும்கூட. அதையே ‘டோன்ட் வொர்ரி, நத்திங் வில் ஹேப்பன்’ என்று தேர்வில் சொன்னால் மதிப்பெண் குறையும். அவர் பயத்தைக் காது கொடுத்துக் கேட்காமல் மூடிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். உத்தரவாதம் தர முடியாத ஒன்றுக்கு உத்தரவாதம் தந்ததாகவும் ஆகும். அங்கே எதிர்பார்ப்பது வேறு: பயமாக இருப்பது புரிகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். எதை நினைத்துப் பயம் என்று கேட்க வேண்டும். மயக்க மருந்தா, வலியா, வீட்டில் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதா? அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, அந்தக் கவலைக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

இதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. வீடியோவில் வரும் ஆசிரியை அழகாகச் செய்து காட்டுவார், நீங்கள் தலையாட்டுவீர்கள். பிறகு தேர்வறையில் ஒருவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் வருவது அதே ‘டோன்ட் வொர்ரி’தான். ஒருவர் எதிரில் உட்கார்ந்து, நோயாளியாக நடித்து, உங்களை நிறுத்தி, ‘இப்போது நான் சொன்னதை நீங்கள் கேட்கவே இல்லை’ என்று நான்கைந்து முறை சொன்னால்தான் பழக்கம் மாறும். ஜூமில் இதைச் செய்யலாம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் எண்பது பேர் இருக்கிற ஜூம் வகுப்பில் உங்கள் முறை எப்போது வரும்?

கடிதத்திலும் இதே கதை. 45 நிமிடம் தருகிறார்கள், முதல் 5 நிமிடம் படிக்க மட்டும், மீதி 40 எழுத. ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அவரைப் பார்த்துக்கொள்ளப்போகும் இன்னொருவருக்கு 180 முதல் 200 சொற்களுக்குள் கடிதம் எழுதச் சொல்வார்கள். குறிப்பில் இருப்பது எல்லாவற்றையும் எழுதினால் அந்த அளவுக்குள் அடங்காது. அடங்கக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். இடுப்பு எலும்பு அறுவை முடிந்து வீடு திரும்பும் மூதாட்டியைப் பற்றி, வீட்டுக்கு வந்து பார்க்கப்போகும் செவிலியருக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடத்துக்கு முந்தைய கண்புரை அறுவை அந்தச் செவிலியருக்கு எதற்கு? ஆனால் அந்த மூதாட்டி தனியாக இருக்கிறார், மாடிப்படி ஏற வேண்டிய வீடு என்பது கட்டாயம் வேண்டும். யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்து எடுப்பதும் விடுவதும்தான் பாதித் தேர்வு. ‘எதையும் விடாமல் எழுது’ என்று ஹேண்ட்ஓவர் புத்தகத்தில் பழகிய கை இதற்கு முரண்டு பிடிக்கும்.

என் மேசைக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியத்தில் ஆரம்பிக்கின்றன, ஒரே வாக்கியத்தில் முடிகின்றன. வெவ்வேறு ஊர், வெவ்வேறு வகுப்பு, ஆனால் வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. ‘டெம்ப்ளேட்’ என்ற பெயரில் விற்கிறார்கள். மனப்பாடம் செய்த அந்த முதல் பத்தி முடிந்து இரண்டாம் பத்தி தொடங்கும்போது, எழுதுவது வேறு ஆள் போல மொழி இறங்கிவிடும். தேர்வாளர் இதைப் பார்த்தே சலித்தவர், அவருக்குத் தெரியாதா?

இரண்டாம் பத்தியில் வருகிற பிழைகள் பெரும்பாலும் நம் தமிழிலிருந்து வருபவை. ‘அஞ்சு வருஷமா சுகர் இருக்கு’ என்பதை அப்படியே எடுத்துவைத்து ‘ஹி இஸ் ஹேவிங் டயாபிடீஸ் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுகிறோம். நமக்கு ‘இருக்கு’ என்பது இன்றைக்கு உள்ளது, ஆங்கிலம் அதையே அன்றிலிருந்து இன்றுவரை நீள்வதாகப் பார்த்து ‘ஹேஸ் ஹேட்’ என்கிறது. ‘ஏ’யும் ‘த’வும் எங்கே வரும் என்பது இன்னொரு தொல்லை, தமிழில் அவற்றுக்கு இடமே இல்லை. தமிழ் தெரிந்த ஆசிரியர் இந்த இரண்டையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். இந்த வகுப்புகளில் கணிசமானவை கேரளத்திலிருந்து நடப்பவை, விளக்கம் மலையாளத்தில் நழுவிப்போவது உங்களுக்குத் தெரியும். அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. உங்கள் தவறு எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரிந்தவரா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல திருத்தம் எப்படி இருக்கும்? எழுத்துக்கு ஆறு அளவுகோல்கள் இருக்கின்றன: எதற்கு எழுதுகிறோம் என்பது தெளிவா, தேவையான தகவல் வந்ததா, சுருக்கமா, கடிதத்துக்குரிய நடையா, அமைப்பு சரியா, மொழி சரியா. அந்த ஆறில் எங்கே இழந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். எந்தத் தகவலை ஏன் விட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். கடிதம் எழுதியது நினைவில் இருக்கும்போதே, ஓரிரு நாளில் திரும்பி வர வேண்டும். அதே கடிதத்தை நீங்கள் மறுபடி எழுதி அனுப்பினால் அதையும் பார்க்க வேண்டும். ‘குட், இம்ப்ரூவ் கிராமர்’ என்று ஒரு வரியும் கைகூப்புகிற பொம்மையும் போட்டு அனுப்புவது திருத்தம் ஆகாது.

‘சாட்ஜிபிடியே திருத்தித் தருதே மேடம்’ என்கிறீர்கள். தருகிறது, உங்கள் கடிதத்தை எடுத்து மினுமினுவென்று வேறு கடிதமாக எழுதித் தந்துவிடுகிறது. அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் நீங்கள் கற்றது ஒன்றுமில்லை. ‘மாற்றி எழுதாதே, பிழை இருக்கும் இடத்தை மட்டும் காட்டு, திருத்துவதை நான் செய்கிறேன்’ என்று கேட்டுப் பழகினால் பயன் உண்டு. ஆள் முன்னால் பேசக் கூச்சமாக இருப்பவர்கள் அதோடு குரலில் பேசிப் பழகவும் செய்யலாம். அதுவும் நோயாளியாக நடிக்கும். ஆனால் அது ரொம்ப நல்ல பிள்ளை, சீக்கிரம் சமாதானம் ஆகிவிடும். தேர்வில் வருபவர் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்ளமாட்டார். இன்னொன்று, உண்மையான நோயாளியின் பெயரையும் விவரத்தையும் எந்தச் செயலியிலும் போடாதீர்கள்.

காதுக்கு வருவோம். கேட்டல் தேர்வில் 42 கேள்விகள், ஒலி ஒரு தடவைதான் ஓடும். பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று உச்சரிப்புகள் மாறி மாறி வரும். இதற்குப் பணம் கட்டவே வேண்டாம். பிபிசி 1943இலிருந்து வானொலி வழியாக ஆங்கிலம் கற்றுக்கொடுத்துவருகிறது. இப்போது ‘6 மினிட் இங்கிலீஷ்’ என்ற பெயரில் ஆறு ஆறு நிமிடத் துண்டுகளாக, எழுத்து வடிவத்தோடு இணையத்தில் கிடக்கிறது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு பார்த்துக்கொண்டு, மறுபடி பார்க்காமல். பிரிட்டன் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் படமாக்கிய ‘24 அவர்ஸ் இன் ஏ அண்ட் இ’ என்ற ஆவணத் தொடரின் துண்டுகள் யூடியூபில் உண்டு. உங்கள் வேலைதான், அவர்கள் ஊரில், அவர்கள் வாயில். முதல் வாரம் பாதி புரியாது. பரவாயில்லை.

மருந்து அளவைச் சொல்லும்போது மட்டும் தனிக் கவனம் வேண்டும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் ஆங்கிலக் காது எங்கே அழுத்தம் விழுகிறது என்பதை வைத்துத்தான் பிரித்தறிகிறது. நாம் எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் சொல்வதால் இரண்டும் ஒன்றாகக் கேட்டுவிடும். ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். இது தேர்வுக்காக மட்டும் சொல்வதல்ல.

நேரம் இல்லை என்பது உங்கள் எல்லோருடைய புகார், அதில் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி முடிந்து வந்தவரிடம் காலை பத்து மணி வகுப்பில் கேமராவைப் போடச் சொல்வது அக்கிரமம். அதனால்தான் ‘ரெக்கார்டிங் இருக்கு, எப்ப வேணா பாத்துக்கலாம்’ என்ற வாக்கியம் இனிக்கிறது. எப்போது வேண்டுமானாலும் என்று வைத்தது கடைசிவரை திறக்கப்படாமலே கிடக்கும். 2012 வாக்கில் பெரிய பல்கலைக்கழகங்கள் இலவச வகுப்புகளை இணையத்தில் திறந்துவிட்டபோது லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் பெரும்பாலும் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். யாரும் காத்திருக்கவில்லை என்றால் மனிதர் வரமாட்டார், அவ்வளவுதான். ஆகவே காத்திருக்க ஓர் ஆளை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அதே ஷிப்டில் இருக்கும் ஒரு தோழி போதும். தினமும் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ், ஆங்கிலத்தில், அன்று பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி, பெயர் சொல்லாமல். அவள் பதில் அனுப்பும்வரை நீங்களும் விடாதீர்கள்.

‘பீட்டர் விடுறா பாரு’ என்று பக்கத்து அறையிலிருந்து சத்தம் வரும். வரட்டும். தமிழ்நாட்டில் ஆங்கிலம் பேசிப் பழகுகிற யாருக்கும் இந்தப் பட்டம் இலவசம். தப்பாகப் பேசினாலும் சிரிப்பார்கள், சரியாகப் பேசினாலும் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களில் இரண்டு பேர் அடுத்த மாதம் உங்களிடமே வகுப்பு விவரம் கேட்பார்கள்.

பணத்தைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். ‘பி கிரேடு கேரண்டி’, ‘30 நாளில் ஓஇடி’ என்பவர்களை அந்த வரியோடு கடந்துவிடுங்கள். 30 நாள் என்ற மந்திரம் நம் அப்பா காலத்துப் பேருந்து நிலையப் புத்தகக் கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி நிறுவன விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வெற்றிக்கு உத்தரவாதம் என்று பொய்யாகச் சொல்வது அதன்படி தவறு, தேறியவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் படத்தைப் போடுவதும் தவறு. ‘வட்டியில்லாத் தவணை’ என்று கையெழுத்து வாங்கினால், அது பல நேரம் வகுப்புக் கட்டணத் தவணை அல்ல, ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். வகுப்பு நின்றுபோனாலும் தவணை நிற்காது. கையெழுத்துப் போடுமுன் கடன் கொடுப்பது யார் என்று கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம்.

வகுப்பும் வேலையும் சேர்த்துத் தருகிறேன் என்பவர்களிடம் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு உண்டா என்று இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். பிரிட்டன் அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறையோ வேலை தேடித் தருவதற்குச் செவிலியரிடம் காசு வாங்கவே கூடாது என்கிறது. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் இந்த இரண்டு விஷயத்தையும் சொல்லிப் பாருங்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது, செவிலியர் பணிகளுக்கும் ஆள் எடுக்கிறது. தனியாரிடம் போகுமுன் அங்கே ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோவிட் முடிந்த வருடங்களில் பிரிட்டன் நம் செவிலியர்களை வாரி எடுத்தது. 2024இலிருந்து அந்த வேகம் தெளிவாகக் குறைந்துவிட்டது, புதிதாகப் பதிவு பெறும் வெளிநாட்டவர் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. தேர்வு முடிவு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். கடன் வாங்கித் தேர்வு எழுதி, தேறி, வேலை வராமல் அந்த இரண்டு வருடமும் ஓடிப்போனால் வலிக்கும். வேலைவாய்ப்பு நிலவரத்தை விசாரித்துவிட்டுத் தேர்வுத் தேதி எடுங்கள். ஆங்கிலம் படிப்பதை மட்டும் அதற்காகத் தள்ளிவைக்க வேண்டாம், அதற்குக் காலாவதித் தேதி கிடையாது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். ஓஇடி தளத்தில் நர்சிங்குக்கான மாதிரித் தேர்வு இலவசமாக இருக்கிறது. அதில் எழுதுதல் தாளை எடுத்து, கடிகாரம் வைத்து, 45 நிமிடத்தில் ஒரு கடிதம் கையால் எழுதுங்கள். அதைப் படம் பிடித்து, நீங்கள் சேர நினைக்கும் இரண்டு மூன்று வகுப்புகளுக்கு அனுப்பி, ‘சேருமுன் இதை மட்டும் திருத்தித் தருவீர்களா?’ என்று கேளுங்கள். சிலர் கட்டண விவரத்தைப் பதிலாக அனுப்புவார்கள். சிலர் பதிலே அனுப்பமாட்டார்கள். எவர் உங்கள் கடிதத்தைச் சிவப்பு மையில் நிரப்பி, ஒவ்வொரு சிவப்புக்கும் காரணம் எழுதித் திருப்பி அனுப்புகிறாரோ, அவரிடம் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதங்களைத் திருத்தும் ஓர் ஆசிரியை